காத்தடிக்கிற மிஷின்

பிள்ளைய மட்டும் கொஞ்சம் மடியில வாங்கிக்கங்கக்கா. பை இருக்கட்டும், அத நான் கம்பியில மாட்டிக்கிறேன். தலைய இந்தப் பக்கம் வச்சுக்கங்க, சன்னல் காத்து மூஞ்சில அடிக்கும். ஆங், அப்படித்தான். தூங்கிருவா. பஸ்ஸுன்னா தூங்கிருவா, வீட்டுலதான் அவ ஆட்டம் எல்லாம்.

அய்யோ, நீங்க எந்திரிக்காதீங்க. எனக்கு சீட்டு வேணாம். மணப்பாறையில ஏறையில கண்டக்டர்கூட அந்தப் பையன எழுப்பி எடம் போட்டுக் குடுத்தாரு, நான்தான் வேணாம்னுட்டேன். என்னமோ பைத்தியம்னு நெனச்சிருப்பாரு. கைப்பிள்ளைக்காரி, சீட்டு குடுத்தா உக்கார மாட்டேங்குறாளேன்னு. நெனச்சா நெனச்சுட்டுப் போறாரு.

உக்கார மாட்டேன்னு இல்லக்கா. முடியாது. எப்படிச் சொல்றது. நீங்களும் பொம்பளைதான, சொன்னா என்ன. பின்னாடி கிழிஞ்சிருக்கு. அய்ய, சேலையப் பாக்காதீங்க, சேலை இல்ல. வெளிக்குப் போற எடத்துல. நேத்துதான் டாக்டரம்மா பாத்துட்டுச் சொன்னாங்க, குதிகால்ல பித்தவெடிப்பு வருமே, அந்த மாதிரி அங்க வெடிச்சிருக்காம். உக்காந்தா உசுரு போகும். நின்னா கால் வலிக்கும். ஒருச்சாச்சுப் படுத்தா பிள்ள பால் குடிக்கும், அவ்வளவுதான் எனக்கு இப்ப இருக்குற சொகம்.

இருங்க, இந்தக் கால மாத்தி வச்சுக்கிறேன். இந்த டிரைவர் ஏன் இப்படிப் பிரேக் போடுறாரு.

இன்னொன்னு சொல்றேன், சிரிக்கக் கூடாது. நாலஞ்சு நாளா எனக்கு வெளிக்கே போகல. டாக்டரம்மா ஒரு மருந்து குடுத்தாங்க, இனிப்பா, பாகு மாதிரி இருந்துச்சு. ராத்திரி குடிச்சேன். காலையில ஒன்னும் காணோம். சரி, இதுவும் அம்புட்டுத்தான்னு நெனச்சு பஸ் ஏறிட்டேன். ஏறுனதுக்கு அப்புறம் உள்ள என்னமோ உருளுது. நாலு நாளா கல்லு மாதிரி கெடந்துட்டு இப்பத்தான் அதுக்கு நேரம் தெரிஞ்சிருக்கு. வடமதுரை எப்ப வரும்? வையம்பட்டியே இன்னும் வரலையா? போச்சு.

பேசிக்கிட்டே வர்றேன்க்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பேசுனா எனக்குக் கொஞ்சம் மறக்குது.

எங்கயா? வடமதுரைக்கு, மாமனார் வீட்டுக்கு. அதுவும் இன்னைக்கு ஒரு ராத்திரிதான். எங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டுறாரு, வெங்காய லோடு. நாளைக்கு வந்துருவாரு. திண்டுக்கல்லுல தனியா ஒரு வீடு பேசி வச்சிருக்காரு, வந்ததும் சாவி வாங்கிட்டுப் போயிருவோம். நான் இன்னைக்குப் போயி துணிமணி, தொட்டில், குக்கரு எல்லாத்தையும் கட்டி வைக்கணும். மாமாகிட்ட இன்னும் யாரும் சொல்லல. அவரு மகன்தான் சொல்லணும். நான் எதுக்குச் சொல்லப் போறேன், அந்த மனுசன்தான் என்கிட்டப் பேசவே மாட்டாரே.

நான்தான் கேட்டேன்க்கா, தனியாப் போயிருவோம்னு. எங்க வீட்டுக்காரரு யோசிச்சாரு, அப்பா ஒத்தையா இருப்பாரேன்னு. நான் விடல. அந்தச் சத்தத்துல இனிமே என்னால குடும்பம் நடத்த முடியாது, எனக்கு அமைதியா ஒரு வீடு வேணும்னு சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான் நான்.

அடிச்சாரா வைஞ்சாரான்னா கேக்குறீங்க? அதெல்லாம் இல்ல. அடிச்சா வைஞ்சாக்கூட ஊருக்குச் சொல்லலாம், ஊரு நியாயம் கேக்கும். இது சொல்லவும் முடியாத கொடும. நீங்க கேளுங்க, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

ரோட்டு மேலயே வீடு. முன்னாடி பஞ்சர் கடை, பின்னாடி வீடு. வெள்ளைச்சாமி பஞ்சர் கடைன்னா அந்த ரோட்டுல ஓடுற டிரைவருக எல்லாருக்கும் தெரியும். மாமியார் இல்ல, எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க. எனக்கும் அம்மா இல்ல. மாசத்துல பாதி நாள் எங்க வீட்டுக்காரரு ரோட்டுல. அப்ப வீட்டுல யாரு? நானும் அவரும்தான். அவரு என்கிட்ட நேரா ஒரு வார்த்த பேசுனது கெடையாது. சாப்பாடு வேணும்னா வாசப்படியில நின்னு செருமுவாரு. டீ வேணும்னாலும் அதே செருமல்தான். எது டீச் செருமல், எது சோத்துச் செருமல்னு நானா கண்டுபிடிச்சுக்கணும். கண்டுபிடிச்சுட்டேன், வேற வழி? டீச் செருமல் சின்னதா ரெண்டு தரம் வரும்.

சிரிக்கிறீங்க. எனக்கும் மொதல்ல சிரிப்பாத்தான் இருந்துச்சு. மாசமானதுக்கு அப்புறம்தான் சிரிப்பு போச்சு.

மூணு மாசம் வாந்தி. அது நின்னுச்சு, இது ஆரம்பிச்சுச்சு. சாப்டா வயிறு உப்பும், நெஞ்சு எரியும், ஏப்பம் ஏப்பமா வரும், போக வேண்டியது மட்டும் போகாது. சுகாதார நிலையத்துக்கு மாமாதான் மொபட்டுல கூட்டிட்டுப் போனாரு, வேற ஆள் இல்லையே. அங்க நர்சம்மா ரத்தம் கம்மியா இருக்குன்னு சொல்லி மாத்திரைய எடுத்துக் கையில வச்சுட்டு, ஊருக்கே கேக்குற மாதிரி சொல்றாங்க. இது இரும்பு மாத்திரைம்மா, வெளிய கருப்பாப் போகும், இறுகும், பயந்துக்கிட்டு நிறுத்திராத, தண்ணி நெறையக் குடி, பழம் சாப்பிடு, கீர சாப்பிடுன்னு. மாமா கதவுகிட்டயே நிக்கிறாரு. கொசுப் படம் ஒன்னு செவுத்துல ஒட்டிருந்துச்சு, அதையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு அந்த எடத்துலயே பூமி பொளந்தா உள்ள போயிரலாம்னு இருந்துச்சு. மாமனார் காதுல விழுகுற சங்கதியாக்கா அது?

கக்கூஸ் இருக்குற எடமும் அப்படி. வீட்டுக்கும் கடைக்கும் நடுவுல. மேல ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு. செவுரு அது வரைக்கும் போகாது, ரெண்டு அடி தெறந்துதான் கெடக்கும். உள்ள பெருமூச்சு விட்டாக் கடையில கேக்கும். கடையில யாரு, எல்லாம் டிரைவருக, கிளீனருக, டயரக் கழட்டிப் போட்டுட்டு பெஞ்சுல உக்காந்து பேசிக்கிட்டு இருப்பாங்க. நான் அவங்க போகட்டும் போகட்டும்னு அடக்கிக்கிட்டே இருப்பேன். ஒருத்தன் போனா இன்னொருத்தன் வருவான். அடக்கி அடக்கி, கடைசியில அதுக்கு வர்ற எண்ணமே போயிருச்சு.

ஏழாம் மாசம் வளைகாப்பு. பக்கத்து வீட்டு கன்னியம்மா அக்கா முன்னால நின்னு செஞ்சு வச்சாங்க. வழக்கமா அதோட அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க, எனக்கு யாரு இருக்கா, அதே வீட்டுலதான் இருந்தேன். ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். பிள்ள பொறக்குற வரைக்கும் கழட்டக் கூடாது. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. ஆனா உள்ள போயி உக்காந்தேன்னு வைங்க, நான் முக்குனா வளையலும் சேந்து முக்கும். சலங் சலங்னு. என்னத்த மறைக்க? துண்டெடுத்துக் கையில சுத்திப் பாத்தேன், கைக்குட்டைய வச்சுக் கட்டிப் பாத்தேன். கட்டுன கையோட தண்ணிய எப்படி மொள்றது?

அப்பத்தான் அந்த மிஷினு. காத்தடிக்கிற மிஷின் இருக்கும்ல பஞ்சர் கடையில, கம்ப்ரசர், அதேதான். நான் உள்ள போயி தாப்பாப் போட்டாப் போதும், தடதடதடதடன்னு ஆரம்பிச்சுரும். மேல இருக்குற சீட்டே ஆடும். பல்லு கூசும். நான் வெளிய வந்து கால் கழுவுற வரைக்கும் ஓடும், வெளிய வந்துட்டேன்னா டக்குன்னு நின்னுரும். ஒருநாள் ரெண்டு நாள்னா சரி, ஏதோ வேலைன்னு விடலாம். தெனமும். கால் மணி நேரம் உக்காந்தா கால் மணி நேரம் ஓடும், அரை மணி நேரம் உக்காந்தா அரை மணி நேரம் ஓடும். என்ன வன்மம் பாருங்க. மாசமா இருக்குற பொண்ணு செத்த நேரம் நிம்மதியா உக்காரக் கூடாது. இத்தனைக்கும் வீட்டுல ஆளில்லாம ஃபேன் ஓடுனா, கரண்ட்டு என்ன சும்மாவா வருதுன்னு செவுத்தப் பாத்துச் சொல்ற மனுசன். மிஷினுக்கு மட்டும் கரண்ட்டு சும்மா வருதா?

அந்தச் சத்தத்துல எனக்கே என் சத்தம் கேக்காது. வளையலும் கேக்காது, ஒன்னும் கேக்காது. ஒருநாள் வலி தாங்காம உள்ள உக்காந்து எங்கம்மாவ நெனச்சு ஓன்னு வாய்விட்டு அழுதேன்க்கா. ஒரு பயலுக்கும் கேக்கல. வெளிய அத்தன ஆம்பளைக இருந்தாங்க. கேக்கவே இல்ல.

வையம்பட்டி தாண்டிட்டோமா? நல்லவேளை. இல்ல, முறுக்கு வேணாம்க்கா. நீங்க சாப்பிடுங்க. காஞ்சது எதப் பாத்தாலும் இப்ப எனக்கு பயமா இருக்கு. தண்ணி இருந்தாக் குடுங்க. டாக்டரம்மா தண்ணி குடி, தண்ணி குடின்னுதான் சொன்னாங்க. பால் குடுக்குறவளுக்கு ரெட்டிப்பாத் தண்ணி வேணுமாம்.

இன்னொன்னு கேளுங்க. எட்டாம் மாசம், மாமாவோட தங்கச்சி வீட்டு ஆளுக, நாலஞ்சு பொம்பளைக, பூ, பலகாரம் எல்லாம் வாங்கிக்கிட்டு என்னப் பாக்க வந்திருக்காங்க. நான் உள்ள இருக்கேன். ரொம்ப நேரமா இருக்கேன், பாதி வழியில இருக்கேன், எந்திரிக்கவும் முடியாது. மிஷின் ஓடுது. அந்தச் சத்தத்தையும் மீறிக் கத்துறாரு மாமா. புள்ள தூங்குது, எழுப்ப வேணாம், இன்னொரு நாளைக்கு வாங்கன்னு. வாசலோடவே அனுப்பிட்டாரு. பதினோரு மணிக்கு! அவங்க ஊரெல்லாம் போயி என்ன சொல்லியிருப்பாங்க? வெள்ளைச்சாமி மருமக உச்சி வேளையில இழுத்துப் போத்தித் தூங்குறாளாம்னுதான சொல்லியிருப்பாங்க? என்னச் சோம்பேறியாக்குறதுல அப்படி என்ன சந்தோசம் அவருக்கு?

பழம்கூட அப்படித்தான். அந்தச் சுகாதார நிலையம் போயிட்டு வந்த வாரத்துல இருந்து, பொழுது சாயையில ஒரு சீப்பு வாழப்பழம் வாங்கிட்டு வந்து ஃபிரிஜ்ஜு மேல வச்சிருவாரு. எனக்குன்னு சொல்ல மாட்டாரு, சாப்பிடுன்னும் சொல்ல மாட்டாரு. அதுவும் என்ன பழம்? குட்டி குட்டியா, தோலெல்லாம் சுருங்கிப் போயி, அங்கங்க கருத்து. கடையில விக்காமக் கெடந்தத அள்ளிக்கிட்டு வந்திருக்காருன்னு எனக்கு ஆத்திரம். பாதிய கன்னியம்மா அக்கா ஆட்டுக்குத்தான் போட்டேன். மீதிய நான் தின்னேன், பொய் சொல்லக் கூடாது, இனிப்பாத்தான் இருந்துச்சு. அன்னைக்கெல்லாம் வயிறும் கொஞ்சம் எளக்கமாத்தான் இருந்துச்சு.

என்னது? சிறுமலையா? அந்த மலையில வெளையுறதா? தோலு சுருங்குனாத்தான் பழமா? அப்படியா. எங்க ஊருப் பக்கம் பூவன்பழம்தான்க்கா, மஞ்சளா வழுவழுன்னு இருக்கும். வெல கூடவா? ஆட்டுக்குப் போட்டேனேக்கா.

சரி, இருக்கட்டும். வாங்கிட்டு வந்தவரு வாயத் தெறந்து சொன்னாத்தான தெரியும். பழத்த வச்சுட்டுச் செருமுனா நான் என்னத்தக் கண்டேன், டீயப் போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தேன்.

இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் சாஞ்சுக்கிறேன். ஒரு சுருட்டு சுருட்டிட்டு விட்டுச்சு. பிள்ள முழிச்சுட்டாளா? இல்லையா. சரி.

பெரிய ஆஸ்பத்திரியிலதான் பொறந்தா. சுகப்பிரசவம், ஆனா தையல். வலிய எல்லாம் மறந்துட்டேன்க்கா, அதுக்கப்புறம் மொத மொத வெளிக்குப் போகணுமே, அந்தப் பயம்தான் மறக்கல. தையல் பிரிஞ்சுருமோன்னு. பிரியாது, முக்காமப் போன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. சொல்றவங்களுக்கு என்ன. வீட்டுக்கு வந்து, மிஷின் ஓட, செவுத்தப் புடிச்சுக்கிட்டு, எப்படியோ அந்த ரெண்டு வாரம் ஓட்டிட்டேன்.

அப்புறம் எங்க அண்ணனும் மதினியும் வந்தாங்க. பொம்பளை இல்லாத வீட்டுல பிள்ளை பெத்தவளப் போட்டு வச்சா நாளைக்கு எங்களத்தான் பேசுவாங்க, நாங்க பாத்துக்கிறோம்னு மணப்பாறைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எனக்குச் சந்தோசம்னா சந்தோசம். மாமா செருமக்கூட இல்ல. ஆட்டோ கெளம்பையில ரெண்டு லிட்டரு பாட்டில்ல தண்ணிய ரொப்பிக் கொண்டாந்து என் காலுகிட்ட வச்சுட்டு, டயரத் தட்டிப் பாத்துட்டுப் போயிட்டாரு. ஏதோ வண்டிக்கு ஊத்துற தண்ணி மாதிரி.

மதினியக் கொற சொல்லக் கூடாது. விழுந்து விழுந்து கவனிச்சாங்க. பத்தியம், அவங்க அம்மா எப்படி வச்சாங்களோ அப்படியே. பூண்டு வறுத்து, மொளகரச்சு, கருவாடு சுட்டு. பழம் தின்னா பிள்ளைக்குச் சளி. கீர தின்னா பிள்ளைக்குப் பச்சையாப் போகும். தண்ணியா, மூச்சு விடக் கூடாது. தண்ணி குடிச்சா வயிறு தொங்கிரும்னு சோத்துக்கு ஒரு டம்ளரு, மாத்திரைக்கு அர டம்ளரு. ராத்திரி பால் குடுத்துட்டு நாக்கு ஒட்டிக்கெடக்கும், எந்திரிச்சுப் போயி குடிக்கலாம்னா குடத்துகிட்ட மதினி படுத்திருப்பாங்க. வயித்தச் சுத்தித் துணி வேற, மூச்சு முட்டுற மாதிரி இறுக்கிக் கட்டி. அந்த இரும்பு மாத்திரையும் உண்டு. இப்படி உள்ள அடச்சு அடச்சு வச்சா எது வெளிய வரும், சொல்லுங்க.

அதுகூடத் தாங்கிருவேன்க்கா. மதினி டியூசன் எடுக்குறாங்க. இருவது பிள்ளைக கூடத்துல உக்காந்திருக்கும். கக்கூஸ் கதவு கூடத்துலதான் தெறக்குது. மதினி ரொம்பக் கண்டிப்பு, ஒரு பிள்ள மூச்சு விடாது. பேனா எழுதுறது எனக்கு உள்ள கேக்கும். அப்ப உள்ள இருக்குறது அங்க கேக்காதா? அந்த அமைதி இருக்கே, அதுல என்னால ஒன்னுமே முடியல. உக்காந்துட்டு அப்படியே எந்திரிச்சு வந்துருவேன். வந்ததும் மதினி கரும்பலகைய விட்டுட்டு, என்ன நாகஜோதி, இன்னைக்காவது நடந்துச்சான்னு கேப்பாங்க. பாசமாத்தான் கேப்பாங்க. இருவது பிள்ளைகளும் நிமிந்து பாக்கும்.

அப்புறம் நான் உள்ள போறதையே விட்டுட்டேன். வந்தாலும் அடக்கிக்குவேன். அடக்குனது இறுகி, இறுகுனது கிழிச்சு, ஒருநாள் பாத்தா ரத்தம். பயந்து போயி எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அழுதேன். உக்கார முடியல, சாகப்போறேன் போல இருக்குன்னு. அப்பாகிட்டச் சொல்லவான்னு கேட்டாரு. அந்த மனுசன்கிட்டச் சொன்னீங்கன்னா நான் கெணத்துல விழுந்துருவேன்னுட்டேன். அதுக்கப்புறந்தான் டாக்டரம்மாகிட்டப் போனேன். சாகமாட்ட, பயப்படாதன்னாங்க. சுடுதண்ணிய டப்புல ஊத்தி அதுல உக்காரு, தண்ணி குடி, பழம் கீர சாப்பிடு, வந்தா அடக்காதன்னாங்க. அடக்காத. அத மட்டும் ரெண்டு தரம் சொன்னாங்க.

என்னக்கா கேட்டீங்க? வண்டியா? எந்த வண்டி?

நான் உள்ள இருக்கையில கடைக்கு வண்டி வந்துச்சான்னா? வந்திருக்கும். வராமயா மிஷின் போடுவாங்க. காத்தடிக்கத்தான மிஷினு. கடைன்னா வண்டி வரும் போகும்.

ஞாயித்துக்கிழம கடை கெடையாது. ஷட்டர எறக்கிருவாரு.

ஞாயித்துக்கிழமையும் ஓடுச்சுக்கா. ஷட்டர எறக்கிவிட்டுட்டு உள்ளுக்குள்ள ஓட்டுவாரு. இருட்டுல, வெக்கையில. நான் வெளிய வந்துட்டு ஷட்டருக்கு அடியில பாத்திருக்கேன், அவரு காலு மட்டும் தெரியும். சும்மா ஸ்டூல்ல உக்காந்திருப்பாரு. டயரு ஒன்னும் இருக்காது.

என்ன அப்படிப் பாக்குறீங்க. ஒன்னும் சொல்லாதீங்க. இருங்க. எனக்கு வயிறு என்னமோ பண்ணுது.

அய்யலூரா இது? ஆளு எறங்குறாங்களா ஏறுறாங்களா, சீக்கிரம் ஏறுங்கப்பா. பிள்ளைக்குக் கை மரத்துப் போகப் போகுது, கொஞ்சம் திருப்பிப் படுக்க வைங்க. உங்களுக்கும் வலிக்கும். ரொம்ப உபகாரம்க்கா. பெத்த தாய் மாதிரி வச்சுக்கிட்டு வர்றீங்க.

அந்தத் திண்டுக்கல்லு வீடு சந்துக்குள்ள இருக்கு. ரோடு கெடையாது, கடை கெடையாது. ஒரே காம்பவுண்டுல மூணு வீடு. எங்க வீட்டுக்காரரு போய்ப் பாத்துட்டு, நீ கேட்ட மாதிரியே அமஞ்சிருக்கு, பக்கத்து வீட்டுல சட்டி கழுவுனாக்கூடக் கேக்குது, அவ்வளவு அமைதின்னாரு. கக்கூஸ் மூணு வீட்டுக்கும் பொதுவாம், சுத்தமா இருக்காம். வாசல்ல கெழவங்க ரெண்டு பேரு எப்பவும் உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பாங்களாம், பிள்ளைக்குத் தொணைதான்னாரு. போன்ல கேக்கையில எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு. இப்பச் சொல்லையில வயித்தக் கலக்குது. மருந்து வேலை செய்யுது போல.

அப்பாகிட்டச் சொல்ல மாட்டேன்னு சொன்னாரு. சொல்லியிருக்க மாட்டாரு. ஆம்பளைக்கு ஆம்பளை இதையெல்லாமா பேசுவாங்க?

வடமதுரையா? வந்துருச்சா? அண்ணே, எறங்கணும், கைப்பிள்ள இருக்கு, நிப்பாட்டுங்க. மெதுவா, மெதுவா. அந்தப் பைய எடுக்கணும். கொஞ்சம் வழி விடுங்க.

வந்திருக்காருக்கா. அந்தா, புளியமரத்துக்கு அடியில, அழுக்கு பனியனோட, அவருதான். நான் வரச் சொல்லலையே. எந்த பஸ்ஸுன்னும் சொல்லல. எப்ப இருந்து நிக்கிறாரோ. இங்க பாக்க மாட்டாரு பாருங்க, ரோட்டத்தான் பாப்பாரு. செருமுறாரு. இங்க கேக்கல, ஆனா அது செருமல்தான், எனக்குத் தெரியும்.

மொபட்டு சீட்டு மேல என்னத்தக் கட்டி வச்சிருக்காரு, கறுப்பா, வட்டமா? டியூப்பா? டியூப்புதான்க்கா. சின்ன வண்டி டியூப்பு. காத்தடிச்சு, வேட்டியக் கிழிச்சு மேல சுத்தி, பின் சீட்டுல கட்டி வச்சிருக்காரு. நடுவுல ஓட்ட விட்டு. எல்லாரும் பாக்குறாங்க, அந்த மனுசன் அதப் பக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கிறாரு. பஸ் ஸ்டாண்டுல. அவரு.

சொல்லிட்டாரு எங்க வீட்டுக்காரரு.

பிள்ளையக் குடுங்கக்கா. இல்ல, நான் அழுகல. சாவிய நாளைக்கேதான் வாங்கணும்னு என்ன அவசரம், ராத்திரி போன் பண்ணிச் சொல்லிக்கலாம். ஆட்டுக்குப் போட்டேனேக்கா அந்தப் பழத்த. எனக்கு இனிமே தாங்காது, வீட்டுக்குப் போனதும் நேரா உள்ளதான் ஓடணும். பிள்ளைய அவரு கையிலதான் குடுத்துட்டு ஓடணும், வேற ஆள் இல்ல. நான் தாப்பாப் போடுறதுக்குள்ள, பிள்ளைய ஒரு கையில வச்சுக்கிட்டு இன்னொரு கையால போயி அந்த மிஷினப் போட்டுருவாரு, பாருங்க.

போடட்டும்க்கா.